நண்பர்கள் காதலராகும் ஒரு பர்மா நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் நாவலைப் படித்தவர்களும், படிக்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். சில பதில்கள் நீளும், சில ஒரு வரியில் முடியும். முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் ஒரே ஒரு கேள்வியைத் தாண்டிப் போனால் போதும், அந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

கதைதான் என்ன?

வள்ளியும் ராசுவும் பர்மாவில் மோன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவள் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. அவன் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தமிழ் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அ, ஆ எழுதியவர்கள். கதை தொடங்கும் 2003-இல் இருவருக்கும் பத்தொன்பது வயது. தினமும் விடிந்ததும் லைன் காரில் (பலர் சேர்ந்து ஏறும் வாடகை வண்டி) மொட்டமா படகுத்துறைக்குப் போய், படகில் சால்வின் ஆற்றைக் கடந்து மோல்மேன் நகரம் சேர்கிறார்கள். அவள் பல்கலைக்கழகத்துக்கு, அவன் ஒரு ரப்பர் வியாபாரியின் கிடங்குக்கு. சாயங்காலம் அதே வழியில் திரும்புகிறார்கள். இதற்கு மேல் சொன்னால் கதை முழுவதையும் சொல்லிவிடுவேன்.

அது எந்த ஊர்? உண்மையில் இருக்கிறதா?

தட்டோனுக்கும் மொட்டமாவுக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டிய கற்பனை ஊர். ஒரு ரயில் நிலையம், சந்தை, பகோடா, பள்ளிவாசல், மாரியம்மன் கோயில், இரண்டு தேநீர்க் கடை, ஒரு வீடியோ கொட்டகை. அந்தப் பக்கத்து வாசகர்கள் ஆளுக்கு ஓர் ஊரைச் சொல்லி, 'இதுதானே?' என்கிறார்கள். நான் எதையும் மறுப்பதில்லை. பெயர் வைத்திருந்தால் 'அந்தக் கடைக்காரர் எங்கள் பெரியப்பாதானே' என்று யாராவது சண்டைக்கு வந்திருப்பார்கள்.

ஊர்தான் கற்பனை. ஆறு, படகுத்துறை, மோல்மேனில் மலைமுகட்டில் நிற்கும் கியாய்க்தன்லன் பகோடா எல்லாம் அப்படியே இருப்பவை. மழையும் அப்படித்தான். மோல்மேன் பக்கம் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். சென்னையில் மூன்று வருடத்தில் பெய்வது அங்கே ஒரு வருடத்தில் கொட்டிவிடும், அதுவும் பெரும்பாலும் மே கடைசியிலிருந்து அக்டோபருக்குள். 'ஏன் எல்லா அத்தியாயத்திலும் மழை?' என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில்.

ஏன் 2003 முதல் 2005 வரை?

பாலத்துக்காக. யாங்கோனிலிருந்து வரும் ரயில் அந்தக் காலத்தில் மொட்டமாவோடு நின்றுவிடும். அப்புறம் எல்லாரும் இறங்கிப் படகேறித்தான் மோல்மேன் போக வேண்டும். 2005-இல் சால்வின் மேல் ரயிலும் வண்டிகளும் போகிற பாலம் திறந்தது, நீளம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். நாடே கொண்டாடியது. வள்ளிக்கும் ராசுவுக்கும் மட்டும் அதில் நஷ்டம். படகில் போகும் அரை மணி நேரம்தான் ஊர் கேள்வி கேட்காமல் அவர்களுக்கு விட்டுக்கொடுத்திருந்த நேரம். லைன் காரில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் பக்கத்தில் கோழிக் கூடையோடு சந்தைக்காரம்மா இருப்பார். படகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றால் என்ஜின் சத்தத்தில் பேச்சு யாருக்கும் கேட்காது. பாலம் திறந்த பிறகு வண்டி நேராக மோல்மேன் சந்தை வரை போகிறது. இனி பேச வேண்டும் என்றால் பேசுவதற்கென்றே சந்திக்க வேண்டும். அப்படிச் சந்தித்தால் அதற்கு ஒரு பெயர் வைத்தாக வேண்டும். நாவலின் நடுவில் இருக்கும் முடிச்சு இதுதான்.

இன்னொரு காரணம் தொலைபேசி. அப்போது பர்மாவில் ஒரு சிம் கார்டு வாங்க ஆயிரம் டாலருக்கு மேல் வேண்டும். 2014-இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து 1,500 சாட்டுக்கு (சாட் பர்மா நாணயம்) விற்ற பிறகுதான் எல்லார் கையிலும் போன் வந்தது. அதற்கு முன் சிற்றூரில் போன் என்றால் தெருவோரம் மேசை போட்டு, நிமிடத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு பேச விடும் கடைதான். பேசுவது கடைக்காரருக்கும் கேட்கும், பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் கேட்கும். ராத்திரி இரண்டு மணிக்கு 'தூங்கிட்டியா?' என்று செய்தி அனுப்ப முடிந்த இரண்டு பேரை வைத்து இந்தக் கதையை என்னால் எழுதியிருக்க முடியாது.

மூன்றாவது, 2003 பிப்ரவரியில் வந்த வங்கி நெருக்கடி. தனியார் வங்கிகள் முன் கூட்டம் முண்டியடித்தது, போட்ட பணத்தை எடுக்கக் கட்டுப்பாடு வைத்தார்கள். கதையில் வள்ளியின் அப்பா அவள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் அதில் மாட்டிக்கொள்கிறது. பேசி முடித்திருந்த யாங்கோன் மாப்பிள்ளை வீட்டார் 'பொறுத்துப் பார்ப்போம்' என்கிறார்கள். அந்தப் பொறுத்துப் பார்க்கும் இரண்டு வருடம்தான் நாவல்.

சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் மனசுக்குள் காதல் இருந்ததா?

இல்லை. இருந்தது என்று யாராவது விமர்சனத்தில் எழுதினால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும்.

நண்பர்கள் காதலராகும் கதைகளில் எனக்கு ஆகாத ஒன்று, கடைசியில் அவன் 'எட்டாம் வகுப்பிலிருந்தே உன்னைக் காதலிக்கிறேன்' என்று சொல்வது. கேட்க இனிக்கும். ஆனால் அந்த ஒரு வரியில் பத்து வருட நட்பு பொய்யாகிவிடுகிறது. அவள் பரீட்சைக்கு அவன் விழித்திருந்தது, அவன் அப்பா காய்ச்சலில் கிடந்தபோது அவள் கஞ்சி கொண்டுபோனது எல்லாம் ஏதோ தவணை கட்டியது என்று ஆகிவிடும். என் கதையில் அவர்கள் நண்பர்களாக இருந்த காலத்தில் நண்பர்கள் மட்டும்தான். அந்த நட்பு தனக்குத் தானே போதுமானது. அதனால்தான் நாவலின் முதல் மூன்றில் ஒரு பங்கில் காதல் வாடையே இருக்காது. ஒன்றாக மொஹிங்கா சாப்பிடுவார்கள், வீடியோ கொட்டகையில் தமிழ்ப் படம் பார்த்துவிட்டு வசனத்துக்குச் சண்டை போடுவார்கள், கடன் வாங்கித் திருப்பித் தராமல் இருப்பார்கள். 'மெதுவாகப் போகிறது' என்று சிலர் அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டார்கள். அந்தப் பகுதியைச் சுருக்கினால் பின்னால் அவர்கள் எதை இழக்கப் பயப்படுகிறார்கள் என்று வாசகருக்குப் புரியாது. சுருக்க மாட்டேன்.

இதே காரணத்துக்காக இன்னும் இரண்டு காட்சிகளைத் தவிர்த்தேன். கண்ணாடியைக் கழற்றிப் புடவை கட்டியதும் அவள் அழகாகத் தெரிவது. அவள் வேறொருவனோடு பேசுவதைப் பார்த்து அவனுக்குத் திடீரென்று ஞானம் பிறப்பது. பொறாமை காதலுக்கு அடையாளம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, பிடித்திருக்கிறது என்று தெரிந்த பிறகும் ஏன் சொல்லாமல் இழுக்கிறார்கள்?

அதிகம் வந்த கேள்வி இதுதான், அதிலும் ராசுவைத் திட்டித்தான் அதிகம்.

இந்த வகைக் கதைகளில் தாமதத்துக்கு வெட்கத்தைக் காரணமாக வைத்தால் பாதியில் அலுத்துவிடும். ராசு வெட்கப்படுகிறவன் இல்லை. அவன் கையில் இருக்கும் அடையாள அட்டையின் நிறம்தான் சிக்கல். 1982 குடியுரிமைச் சட்டம் பர்மாவில் குடிமக்களை மூன்று வகையாகப் பிரித்தது. முழுக் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை, மற்ற இரண்டு வகைக்கு நீலமும் பச்சையும். நாவலில் வள்ளி வீட்டில் இளஞ்சிவப்பு. ராசு வீட்டில் பச்சை, ஏனென்றால் அவன் தாத்தாவின் காகிதங்கள் 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லாரும் ஓடிய ஓட்டத்தில் தொலைந்துபோயின. மதிப்பெண் இருந்தும் அவனால் பொறியியல் படிப்பில் சேர முடியவில்லை. சோதனைச் சாவடியில் அவள் அட்டையைப் பார்த்ததும் திருப்பித் தருவார்கள், அவனை நிறுத்தி நாலு கேள்வி கேட்பார்கள். நண்பனாக இருக்கும் வரை இதை இருவரும் கேலி செய்து சிரித்துவிடலாம். கட்டிக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தால், பிறக்கப்போகும் பிள்ளையின் அட்டை என்ன நிறம் என்ற கேள்வி வரும். அவனுக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

அப்புறம் சிற்றூர். நகரத்தில் காதலைச் சொல்லி, அவள் மாட்டேன் என்றால் வேறு பேருந்தில் போகலாம், வேறு தெருவில் வீடு பார்க்கலாம். இங்கே மறுநாள் காலை அதே லைன் காரில், அதே பலகையில் உட்கார வேண்டும். அவள் அப்பா கடையில்தான் அரிசி வாங்க வேண்டும். தீமிதிக்கு அவள் அம்மா கூழ் ஊற்ற, அவன் வரிசையில் பாத்திரத்தோடு நிற்க வேண்டும். ஒதுங்கிப்போக இடமே இல்லை. ஒருவர் வாயைத் திறப்பதற்குள் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தானே ஆக வேண்டும்?

ஒரே தெருப் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை ஆகிவிடாதா?

தமிழ்நாட்டு வாசகர்கள் கேட்பது. ஆகும், அதற்குத்தான் வள்ளியின் அம்மாவை முதல் அத்தியாயத்திலேயே ராசுவின் அம்மாவை 'மதினி' என்று கூப்பிட வைத்தேன். சொந்தம் ஒன்றும் கிடையாது, தெருவில் அப்படிப் பழக்கம். இரண்டு பேரும் ஒரே வயது என்பதால் பெயர் சொல்லி, வா போ என்றுதான் பேசிக்கொள்வார்கள். ஊரில் கிழவிகள் முறையை விரல் விட்டு எண்ணும் காட்சி ஒன்று பின்னால் வருகிறது. அதைச் சிரிப்பாகத்தான் எழுதினேன்.

அந்தக் கடிதங்கள் என்ன மொழி? புரியவில்லையே.

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி.

1960களின் நடுவில் பர்மாவில் தனியார் பள்ளிகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. அதன் பிறகு தமிழ் படிப்பது பெரும்பாலும் கோயில் வகுப்புகளில்தான் என்று ஆனது. எனவே ஒரு தமிழ்க் குடும்பத்தில் யாருக்கு எந்த எழுத்து தெரியும் என்பது வயதைப் பொறுத்தது. என் கதையில் பாட்டி தமிழ் படிப்பார், பர்மிய எழுத்து தெரியாது. அப்பா அம்மாவுக்குப் பர்மிய எழுத்து நன்றாகத் தெரியும், தமிழ் எழுத்து தடுமாறும். பிள்ளைகளுக்குப் பர்மிய எழுத்து தண்ணீர் பட்ட பாடு, தமிழ் எழுத்துக்கூட்டும் அளவுக்கு. அக்கம்பக்கத்து மோன், பர்மியக் குடும்பங்களுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது.

இப்போது காதல் கடிதம் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினால் பாட்டி படித்துவிடுவார். பர்மியத்தில் எழுதினால் பாட்டியைத் தவிர ஊரே படித்துவிடும். அதனால் இரண்டு பேரும் தமிழைப் பர்மிய எழுத்தில் எழுதுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் கையில் கிடைத்தால் சத்தம் போட்டு வாசிக்கலாம், ஒன்றும் புரியாது. பாட்டி கையில் கிடைத்தால் வட்டம் வட்டமாகத்தான் தெரியும். ல, ள, ழ எல்லாம் ஒன்றாகிவிடுவதால் அவர்களுக்கே சில இடங்களில் குழப்பம் வரும், அந்தக் குழப்பத்தில் ஒரு சண்டையும் வருகிறது. நாவலில் அந்தக் கடிதங்களைத் தமிழ் எழுத்திலேயே, ஆனால் அவர்கள் எழுதிய தப்புகளோடு அச்சிட்டோம். படிக்கச் சிரமமாக இருந்தால் வாய்விட்டு வாசியுங்கள், புரிந்துவிடும்.

பர்மிய எழுத்தும் தமிழ்ப் பேச்சும் தெரிந்த அப்பா அம்மாதான் ஆபத்து. ஆமாம், மாட்டிக்கொள்கிறார்கள்.

தண்ணீர்த் திருவிழாக் காட்சியில் வள்ளிக்கு ஏன் அவ்வளவு கோபம்?

பர்மியப் புத்தாண்டுக்கு முன் வரும் திஞ்சான் திருவிழா ஏப்ரல் நடுவில் நடக்கும். நம் சித்திரை முதல் நாளும் அதற்குள்ளேயே வந்துவிடும். அதனால் தமிழ் வீடுகளில் காலையில் சாமி கும்பிட்டுப் பாயசம் வைப்பார்கள், வாசலைத் தாண்டினால் வாளித் தண்ணீர் தலையில் விழும். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமே கிடையாது. வாலிபப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தொடாமல் தொடுவதற்கு வருடத்தில் கிடைக்கும் அனுமதி என்றும் சொல்லலாம்.

ராசு பத்து வருடமாக அவளைத் துரத்தித் துரத்தி நனைத்தவன். 2004 திஞ்சானில் குவளையோடு எதிரில் வந்து நிற்கிறான், ஊற்றவில்லை. 'உனக்குச் சளி பிடிச்சிருக்கு' என்று ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான். போகிற வருகிற முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவளை நனைக்கிறார்கள். அவளுக்குக் கோபம் வந்தது அதனால்தான். அவன் ஏன் ஊற்றவில்லை என்று அவளுக்கு அன்று ராத்திரிதான் உறைக்கிறது. அந்த ராத்திரியை நான் எழுதவில்லை. மறுநாள் அவள் படகில் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை என்று மட்டும் எழுதினேன்.

வில்லன் இல்லையா? யாங்கோன் மாப்பிள்ளை?

நல்ல பையன். அவனைக் கெட்டவன் ஆக்கியிருந்தால் வள்ளிக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

நெருக்கமான காட்சிகள் எவ்வளவு?

ஒரே ஒரு முத்தம், கடைசிப் பகுதியில். பலகைச் சுவர் வீட்டில் அடுத்த அறையில் தும்மினால் இங்கே நூறு ஆயுசு சொல்வார்கள். வெளியூரில் போய்த் தங்கலாம் என்றால், யார் வீட்டில் இரவு தங்கினாலும் விருந்தாளியின் பெயரை வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும். இரவில் வந்து சரிபார்க்கவும் செய்வார்கள். சூடான காட்சிகளை எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த நாவல் ஏமாற்றம்தான். அவள் அரைத்துக் கொடுத்த தனாக்காவை (மரப்பட்டைச் சாந்து) அவன் வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் ஒரு பக்கம் உண்டு, அதைத்தான் நான் நெருக்கமான காட்சி என்று சொல்வேன்.

பாட்டியின் பழைய கதை தேவையா?

பாதிப் பேர் தேவையில்லை என்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், 1962-இல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறினார்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரில் பர்மா பஜார் வந்ததே அப்படிப் போனவர்களால்தான். பாட்டிக்கும் அவர்களில் ஒரு நண்பர் இருந்தார். அவர் போனார், பாட்டி இங்கேயே தங்கிவிட்டார். இருவருக்கும் நடுவில் காதல் இருந்ததா என்று நாவலில் யாருமே கேட்பதில்லை. வள்ளி மட்டும் ஒருமுறை கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிடுகிறாள். அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் பேத்திக்குப் பாட்டி கடைசியில் செய்யும் உதவி காற்றில் தொங்கும். அதனால் தேவைதான்.

பர்மியச் சொற்கள் தெரியாமல் படிக்க முடியுமா?

முடியும். மொஹிங்கா மீன் குழம்பில் அரிசிச் சேமியா, காலைச் சாப்பாடு. லப்பே ஊறவைத்த தேயிலை, வறுத்த பருப்போடு கலந்து சாப்பிடுவது. அட்டைகளைத்தான் மேலே சொல்லிவிட்டேன். மற்றதெல்லாம் இடத்தைப் பார்த்தாலே புரியும். இன்னொன்று, நிறையத் தமிழர்களைப் போல இருவருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பர்மியப் பெயர் உண்டு. வள்ளிதான் கின் மார், ராசுதான் ஆங் மின். மோல்மேன் அத்தியாயங்களில் அந்தப் பெயர்களில்தான் வருவார்கள். புதிய பாத்திரம் என்று நினைத்துத் தேடாதீர்கள்.

சுபமாக முடியுமா? (முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இதைத் தாண்டிப் போகவும்)

சேர்கிறார்கள். காதல் நாவல் என்று அட்டையில் போட்டுவிட்டுக் கடைசியில் ஒருவரைக் கொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் பச்சை அட்டை பச்சையாகவே இருக்கிறது. அப்பாவின் பணம் முழுவதும் திரும்பி வரவில்லை. கல்யாணம் மாரியம்மன் கோயிலில், மழையில், பாதிப் பேர் சாப்பிடாமல் போன பந்தியோடு நடக்கிறது. ராசுவின் அம்மாவுக்கும் வள்ளியின் அம்மாவுக்கும் பேச்சு வார்த்தை நின்று, 'மதினி' என்ற அழைப்பு போய், 'சம்பந்தி' என்பதும் வாயில் வராமல் கொஞ்ச காலம் ஓடுகிறது. அதற்கு நிறைய வாசகிகள் வருத்தப்பட்டு எழுதினார்கள். எனக்கும் வருத்தம்தான், ஆனால் அந்த இரண்டு பேரை எனக்குத் தெரிந்தவரை அவர்கள் அப்படித்தான் நடந்துகொள்வார்கள்.

இதே கதையை இன்றைய பர்மாவில் வைக்க முடியுமா?

வைக்கலாம், ஆனால் வேறு நாவல் ஆகிவிடும். 2021 பிப்ரவரி முதல் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை, பெண்களுக்கு 18 முதல் 27 வரை. இன்றைக்கு ராசுவின் வயதில் இருப்பவன் காதலைச் சொல்லலாமா என்று இரண்டு வருடம் யோசிக்க மாட்டான். தாய்லாந்துக்கு எந்த வழியாகப் போவது என்றுதான் யோசிப்பான்.

நானும் இப்படி ஒரு சிற்றூர்க் காதல் கதை எழுத நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

காதலர்களை விட்டுவிட்டு ஊரின் நேர அட்டவணையை முதலில் எழுதுங்கள். தண்ணீர் எப்போது வரும், கரண்ட் எப்போது போகும், சந்தை என்றைக்கு, கோயில் விசேஷம் எந்த மாதம், எந்தத் தெருவில் எந்த நேரத்தில் யார் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். அதை முழுவதும் எழுதி முடித்தால், உங்கள் இரண்டு பேரும் யார் கண்ணிலும் படாமல் பேசிக்கொள்ள ஒரு நாளில் எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று தெரியும். எனக்கு அந்தப் படகுப் பயணம் கிடைத்தது அப்படித்தான். உங்கள் ஊரில் அது ரேஷன் கடை வரிசையாக இருக்கலாம், டியூஷன் விட்டு வரும் வழியாக இருக்கலாம். கிடைத்ததும், கதையின் நடுவில் அதை அவர்களிடமிருந்து பிடுங்கிவிடுங்கள்.

இரண்டாம் பாகம் வருமா?

வராது. கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் லைன் காரில் என்ன சண்டை போட்டார்கள் என்று ஒரு சிறுகதை மட்டும் பாதியில் நிற்கிறது. முடிந்தால் போடுகிறேன்.